ஒத்தக்குண்டு கருமருந்து பிஸ்டல்: கையைக் கடிக்காம ஒண்ணு வாங்குறது எப்படி

ஒரே ஒரு குண்டு போட்டு சுடுற கருமருந்து பிஸ்டல் ஒண்ணு வாங்கணும், லீவு நாள்ல ரேஞ்சுக்குப் போய் பேப்பர்ல நாலு ஓட்டை போடணும், அவ்வளவுதான் ஆசை, எது வாங்கலாம்னு யாராவது கேட்டா நான் முதல்ல திருப்பிக் கேக்குறது உங்களுக்குப் பொறுமை எவ்ளோ இருக்குன்னுதான். விசையை இழுக்குறது ஒரு செகண்ட் வேலை. மருந்தை அளந்து கொட்டி, துணி வச்சு, அது மேல குண்டு வச்சு, கம்பியால அடி வரைக்கும் தள்ளி, நெருப்பு பத்த வைக்குற கேப் மாட்டி, குறி பாக்குறதுக்குள்ள ரெண்டு நிமிஷம் ஓடிடும். வாய் வழியா கெட்டிக்கிற துப்பாக்கிகளுக்குன்னே 1971ல ஆரம்பிச்ச சர்வதேச அமைப்பு எம்எல்ஏஐசி, அவங்க போட்டியில 13 குண்டு சுட 30 நிமிஷம் குடுக்குறாங்க, அதுல நல்லா விழுந்த 10ஐ மட்டும் எண்ணுவாங்க. உலகப் போட்டிக்கு வர்றவங்களுக்கே அந்த வேகம்தான். அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் கழுவணும், அதுவும் அன்னிக்கே.

அதனால நான் ஒரு பிஸ்டலைக் கையில எடுத்தா முதல்ல பாக்குறது இதைக் கெட்டிக்கிறது எப்படி, கழட்டிக் கழுவுறது எப்படின்னுதான். பித்தளை எவ்ளோ மின்னுது, கட்டை எவ்ளோ செதுக்கியிருக்குங்கறதெல்லாம் அப்புறம். விலை கம்மியா இருக்குற பிஸ்டல்கள்ல நல்லதும் இருக்கு, தலைவலியும் இருக்கு, ரெண்டுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இந்த ரெண்டு விஷயத்துலதான்.

சட்டத்தை ஒரு வரில முடிச்சுடுறேன். அமெரிக்காவுல 1968 சட்டத்துல இந்த மாதிரி வாய்வழி துப்பாக்கிகளைப் பழம்பொருள் கணக்குல வச்சு கொஞ்சம் தளர்த்தியிருக்காங்க, அங்கயும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதைப் படிச்சுட்டு லைசென்ஸே வேணாம்னு வேற நாட்டுல இருக்குறவங்க நினைச்சுக்கக் கூடாது, நிறைய இடத்துல இதுக்கும் மத்த துப்பாக்கி மாதிரியே லைசென்ஸ் வேணும், மருந்துக்குத் தனி அனுமதி வேணும். பணம் குடுக்குறதுக்கு முன்னாடி உங்க ஊரு விதியைப் பாத்துடுங்க, பக்கத்து ரேஞ்சுல கருமருந்து சுட விடுவாங்களான்னும் கேட்டுடுங்க. புகை வருதுன்னு உள்ளரங்க ரேஞ்சுல பல பேர் விடமாட்டாங்க, பிஸ்டலை வாங்கிட்டு சுட இடமில்லாம வச்சிருக்குறவங்களை எனக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதல் முடிவு, மருந்துல நெருப்பு எப்படிப் பத்தணும்ங்கறது. மூணு வகை இருக்கு. சக்கிமுக்கிக் கல்லு வச்ச ஃப்ளின்ட்லாக், செம்புல சின்ன தொப்பி மாதிரி மாட்டுற கேப்லாக், அப்புறம் இந்தக் காலத்து ஷாட்கன் தோட்டாவுல வர்ற பத்த வைக்குற மூடி, 209 ப்ரைமர், அதைப் போடுற இன்லைன்.

ஃப்ளின்ட்லாக் பாக்க அழகு, நானும் ஆசைப்பட்டவன்தான், ஆனா முதல் பிஸ்டலா, அதுவும் கம்மி விலையில வேணவே வேணாம். கல்லு போய் இரும்பு முகத்துல உரசி பொறி விழணும், அந்தப் பொறி கிண்ணத்துல இருக்குற பொடி மருந்தைப் பத்த வைக்கணும், அந்த நெருப்பு பக்கத்து ஓட்டை வழியா உள்ள போகணும், இவ்ளோவும் நடக்குற வரைக்கும் உங்க கை ஆடாம இருக்கணும். லாக்குன்னா இந்தப் பத்த வைக்குற பொறியமைப்பு, நல்ல லாக்ல இது கண்ணிமைக்குற நேரம். மட்டமான லாக்ல அந்த இரும்பு முகம் சரியா கடினப்படுத்தியிருக்க மாட்டாங்க, பொறியும் வராது, பத்து தடவை அடிச்சா நாலு தடவை க்ளிக்குன்னு சத்தம் மட்டும்தான் வரும். ஃப்ளின்ட்லாக்ல காசு குறைச்சா குறையுறது லாக்கோட தரம்தான். இன்னொண்ணு, பைரோடெக்ஸ் மாதிரி மாத்து மருந்தெல்லாம் பத்துறதுக்கு அதிக சூடு வேணும், ஃப்ளின்ட்லாக்ல ஒழுங்கா பத்தாது, அசல் கருமருந்துதான் வேணும், அது எல்லா ஊர்லயும் சுலபமா கிடைக்குறதில்ல.

இன்லைன் நேரெதிர். சிவிஏ ஆப்டிமா பிஸ்டல் மாதிரி வர்றதெல்லாம் நடுவுல மடக்கித் திறக்கலாம், பின்பக்க அடைப்பைக் கழட்டிட்டா குழாய் மாதிரி ரெண்டு பக்கமும் திறந்துடும், கழுவுறது ரொம்ப சுலபம். ஆனா அது .50 காலிபர், அதாவது பேரல் ஓட்டை அரை இஞ்ச் அகலம், 14 இஞ்ச் பேரல், வேட்டைக்குன்னு செஞ்ச சாமான், ஒத்தக் கையில நீட்டிப் பிடிச்சா அஞ்சு நிமிஷத்துல தோள்பட்டை சொல்லும். பழைய பாணி போட்டிகள்லயும் இதைச் சேத்துக்க மாட்டாங்க. உங்களுக்கு அந்தப் பழைய வாசனையே வேணாம், சுட்டா போதும்னா தாராளமா எடுங்க, எனக்கு அதுல சுவாரசியம் இல்ல.

மிச்சம் கேப்லாக். 1807ல ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத் அடிச்சா வெடிக்குற மருந்தை வச்சு துப்பாக்கி பத்த வைக்கலாம்னு காப்புரிமை வாங்கினாரு, பறவை சுடப் போறப்ப ஃப்ளின்ட்லாக் புகையைப் பாத்தே பறவை பறந்துடுதுங்கறதுதான் அவரோட பிரச்சனைன்னு சொல்லுவாங்க. அதுலேர்ந்து வளந்து வந்ததுதான் இந்த செம்பு கேப். மழை ஈரம் கொஞ்சம் தாங்கும், அடிச்சா பத்தும், லாக் சுமாரா இருந்தாலும் வேலை செய்யும். கம்மி பட்ஜெட்டுக்கு இதுதான். இனிமே நான் பிஸ்டல்னு சொன்னா கேப்லாக்னே எடுத்துக்கோங்க.

அடுத்தது காலிபர். கடையில கண்ணுல அதிகமா படுறது .50, அதுக்கடுத்து .45. பேப்பர்ல ஓட்டை போடுறதுக்கு என் ஓட்டு .45க்குத்தான், காரணம் சாதாரணக் கணக்கு. .45 பிஸ்டலுக்கு .440 இஞ்ச் உருண்டைக் குண்டு போடுவாங்க, அது சுமார் 128 கிரெய்ன் எடை. .50க்கு .490 குண்டு, அது சுமார் 177 கிரெய்ன். ஒரு பவுண்டு ஈயத்துல 7000 கிரெய்ன், அப்ப .45ன்னா 54 குண்டு தேறும், .50ன்னா 39தான். உதையும் .45ல மென்மையா இருக்கும். அதுக்காக .50 கெட்டதுன்னு இல்ல, உங்ககிட்ட ஏற்கெனவே .50 ரைஃபிள் இருந்தா கண்ணை மூடிக்கிட்டு .50 பிஸ்டல் வாங்குங்க, ஒரே குண்டு, ஒரே துணி, ஒரே சுத்தம் பண்ற கம்பி முனை, தனித்தனியா வாங்குற செலவே மிச்சம். .50க்கு உருண்டைக் குண்டு எங்க வேணும்னாலும் கிடைக்கும்ங்கறதும் உண்மை. .36 மாதிரி சின்னது ஜாலியா இருக்கும், ஆனா ஓட்டை சின்னதா இருக்குறதால அழுக்கு சீக்கிரம் அடைச்சுக்கும், நாலஞ்சு குண்டுக்கு ஒருக்கா துடைக்கணும். .54க்கு மேல போறதுக்கு டார்கெட் சுடுறவங்களுக்குக் காரணமே இல்ல.

ரைஃப்ளிங், அதாவது குண்டைச் சுழல வைக்க பேரலுக்குள்ள வெட்டின சுருள் கோடு, இருக்கான்னு கேட்டு வாங்குங்க. உள்ள வழவழன்னு இருக்குற ஸ்மூத்போர் பிஸ்டலும் விக்குது, எம்எல்ஏஐசியில கொமினாட்ஸோன்னு அதுக்குத் தனிப் போட்டியே இருக்கு, ஆனா ஆரம்பத்துல குண்டு ஏன் அங்க போச்சுன்னு கண்டுபிடிக்க முடியாம மண்டை காயும்.

விலை குறைவுன்னு பாத்தா கண்ணு போறது டெரிஞ்சர் பக்கம். உள்ளங்கைக்குள்ள அடங்குற குட்டி பிஸ்டல், 1865ல லிங்கனைச் சுட்டது அந்த ரகம்தான். அதை வாங்கி மேசையில வைக்கலாம். பேரல் ரொம்பக் குட்டி, முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவுல இடைவெளியே இல்ல, மணிக்கட்டு ஒரு நூல் ஆடினா 10 மீட்டர்லயே குண்டு பேப்பரை விட்டு வெளிய போயிடும். ஒரு டெரிஞ்சர் வாங்கி வெறுத்துப்போய் இந்த ஹாபியே வேணாம்னு விட்ட நண்பர் ஒருத்தர் இருக்காரு. பேரல் 9, 10 இஞ்சாவது இருக்கட்டும்.

இப்ப யாரும் பாக்காத ஒரு சின்னத் துண்டு, நிப்பிள். கேப்பை மாட்டுற அந்தக் கூம்பு. இங்கதான் நான் சூடு பட்டேன், அதனால கொஞ்சம் இழுத்தே சொல்றேன். என்னோட முதல் பிஸ்டல் செகண்ட் ஹேண்ட், நிப்பிள் முனை அடிபட்டு காளான் மாதிரி விரிஞ்சிருந்தது, கேப் உக்காரல. சரி நிப்பிள்தானே, ரெண்டு காசு சாமான்னு ஒண்ணு ஆர்டர் பண்ணேன். வந்ததைத் திருகினா அரைச் சுத்து போச்சு, நின்னுடுச்சு. பழைய கரி அடைச்சிருக்கும்னு நானே ஒரு முடிவு பண்ணி, சாவி போட்டு பலமா ஒரு திருப்பு. கீச்சுன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. மரை போச்சு. நான் வாங்கினது கால் இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 28 மரை உள்ளது, பிஸ்டல்ல இருந்தது 6 மில்லிமீட்டர் விட்டம். கண்ணால பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆள் வச்சு அதைச் சரிபண்ணின செலவுல இன்னும் நல்ல பிஸ்டலா முதல்லயே வாங்கியிருக்கலாம்.

நான் பண்ணது காசுக்குத்தான் கேடு, இதைத் தலைகீழா பண்ணா உயிருக்கே கேடு: கால் இஞ்ச் ஓட்டையில 6 மில்லிமீட்டர் நிப்பிளைப் போட்டா லொடலொடன்னு உள்ள போயிடும், சுடுறப்ப அது பின்னாடி முகத்துக்கே வரலாம். 6 மில்லிமீட்டர்லயே மரை இடைவெளி 1 மில்லிமீட்டர் ஒண்ணு, 0.75 ஒண்ணுன்னு ரெண்டு ரகம் வேற. அதனால வாங்குறப்பவே எந்த மரைன்னு கேட்டு எழுதி வச்சுக்கோங்க, மாத்து நிப்பிள் ரெண்டு சேத்தே வாங்கிடுங்க. கேப் எந்த நம்பர்னும் கேளுங்க. ஒத்தக்குண்டு பிஸ்டல்ல பெரும்பாலும் 11ம் நம்பர், சிலதுல 10. கேப் பெருசா இருந்தா, அதை அடிக்குற பிஸ்டலோட சுத்தியலைத் தூக்குறப்பவே கழண்டு விழும், சின்னதா இருந்தா பாதிதான் இறங்கும், முதல் அடியில இறங்கி ரெண்டாவது அடியிலதான் வெடிக்கும். விரலால நசுக்கி மாட்டுறேன்னு சிலர் பண்ணுவாங்க, அது வெடிச்சா கை விரல்லதான். உங்க பக்கம் எந்த நம்பர் கேப் தட்டுப்பாடில்லாம கிடைக்குதோ அதுக்கேத்த நிப்பிளை மாட்டிக்கிறது புத்திசாலித்தனம்.

அடுத்து கழுவுறது. கருமருந்து எரிஞ்ச கரியில உப்பு மாதிரி சமாச்சாரம் இருக்கு, காத்துல இருக்குற ஈரத்தை இழுத்து வச்சுக்கும், ராத்திரி அப்படியே விட்டா காலையில பேரலுக்குள்ள செம்மண் கலர்ல துரு. இதைக் கழுவ பெரிய கெமிக்கல் ஒண்ணும் வேணாம், வெதுவெதுப்பான தண்ணியும் ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பும் போதும். கேள்வி என்னன்னா பேரல் கட்டையை விட்டு சுலபமா வருதாங்கறதுதான். சில பிஸ்டல்ல பின்பக்கம் ஒரு கொக்கி இருக்கும், ஹூக்டு பிரீச்னு சொல்லுவாங்க, பக்கவாட்டுல ஒரு ஆப்பைத் தள்ளி எடுத்தா பேரல் அப்படியே தூக்கினா வந்துடும், பக்கெட் தண்ணியில முக்கி கம்பியில துணி சுத்தி பம்ப் அடிக்குற மாதிரி இழுத்துத் தள்ளினா நிப்பிள் ஓட்டை வழியா தண்ணி உறிஞ்சிக்கிட்டு கருப்பா கொட்டும், பத்து தடவையில தெளிஞ்சுடும். இன்னும் சிலதுல சின்னச் சின்ன ஆணி அடிச்சு கட்டையோட கட்டியிருப்பாங்க, ஒவ்வொரு தடவையும் அதை அடிச்சு எடுத்தா கட்டை பொளந்துடும், அதனால கழட்டாமலேயே கழுவணும், தண்ணி கட்டைக்குள்ள இறங்கும், பேரலுக்கு அடியில கண்ணுக்குத் தெரியாம துரு ஓடும். ஒரே விலையில ரெண்டு இருந்தா கொக்கி வச்சதை எடுங்க, யோசிக்கவே வேணாம்.

குறி பாக்குற சாதனம். விலை கம்மின்னா பெரும்பாலும் அசையாத குறிதான், முன்னாடி ஒரு பித்தளைத் தகடு, பின்னாடி ஒரு வெட்டு. அது ஒண்ணும் குறை இல்ல, ஒரே மருந்து ஒரே குண்டுன்னு வச்சுக்கிட்டா ஒரு தடவை சரி பண்ணா முடிஞ்சது. எப்படிங்கறது கடைசில சொல்றேன். பின்குறி திருகு வச்சு ஏத்தி இறக்குற மாதிரி கிடைச்சா நல்லது, அதுக்காக ரொம்ப அதிகம் குடுக்காதீங்க.

விசைல ரெண்டு ரகம். சாதாரணது ஒரே விசை, சிலது கனமா இருக்கும். செட் ட்ரிக்கர்னா ரெண்டு விசை, பின்னாடி இருக்குறதை இழுத்து வச்சுட்டா முன்னாடி இருக்குறது விரல் பட்டாலே விழும். குறி நல்லா வரும், நிஜம், ஆனா புதுசா வர்றவங்க குறி பாக்குறதுக்கு முன்னாடியே தட்டிடுவாங்க. பிஸ்டலை டார்கெட் பக்கம் நீட்டின பிறகுதான் செட் பண்ணணும்ங்கறதை கை பழகுற வரைக்கும் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருங்க.

பேர் சொல்லிக் கேக்குறவங்களுக்கு: புதுசா, விலை கம்மியா ஆரம்பிக்கறதுன்னா டிரெடிஷன்ஸ் கம்பெனியோட கென்டக்கி பிஸ்டல், .50, 10 இஞ்ச் பேரல், ஒத்த விசை, அசையாத குறி, அலட்டல் இல்லாத சாமான். அவங்களோடதே டிராப்பர்னு ஒண்ணு, .50தான், பேரல் 10 இஞ்சுக்கு கால் இஞ்ச் கம்மி, ஆனா ஏத்தி இறக்குற பின்குறியும் செட் ட்ரிக்கரும் உண்டு, டார்கெட் மட்டும்தான் சுடுவேன்னா கொஞ்சம் சேத்துப் போட்டு நான் இதைத்தான் எடுப்பேன். ஒரு படி மேல போனா இத்தாலியில கார்டோனே ஊர்ல 1957லேர்ந்து செய்யுற பெடெர்சோலி, அவங்க கென்டக்கியில .45 கிடைக்கும், லாக்கும் பேரலும் தரம், விலையும் அதுக்கேத்த மாதிரி ஏறும். அவங்களோட லெ பாஜ், குசென்ராய்ட்டர் எல்லாம் போட்டிக்குப் போறவங்களுக்கு, கேட்லாக்ல பாத்து பெருமூச்சு விட்டுட்டு பக்கத்தைத் திருப்புங்க.

செகண்ட் ஹேண்ட்ல தேடுறவங்களுக்குத்தான் உண்மையான அதிர்ஷ்டம். தாம்சன் சென்டர் பேட்ரியாட்னு ஒண்ணு இருந்தது, .45, கொக்கி பிரீச், செட் ட்ரிக்கர், ஏத்தி இறக்குற குறி, ரம்பத்துக் கைப்பிடி மாதிரி பிடி, நான் மேல சொன்ன எல்லாமே ஒரே பிஸ்டல்ல. இப்ப செய்யுறதில்ல, கண்ணுல பட்டா விடாதீங்க. லைமன் ப்ளெயின்ஸ் பிஸ்டலும் அதே மாதிரி தேடிப் பிடிக்க வேண்டிய சாமான், .50லயும் .54லயும் வந்தது. சிவிஏ பழைய கென்டக்கி, ஹாக்கன் பிஸ்டலெல்லாம் எக்கச்சக்கமா வித்தது, நிறைய பேர் உதிரிப் பாகமா, கிட்டா வாங்கி வீட்டுல கோத்தது, அதனால தரம் கோத்தவங்க கைப் பக்குவத்தைப் பொறுத்து.

பழசை வாங்குறப்ப பாக்க வேண்டிய முறையைக் கொஞ்சம் விரிவா சொல்றேன், இது காசை மட்டும் இல்ல, ஆளையும் காப்பாத்தும். கையில குடுத்த உடனே சுத்தியலைத் தூக்காதீங்க. நிப்பிள்ல கேப் இருக்கான்னு பாருங்க. அப்புறம் கெட்டிக்கிற கம்பியை பேரலுக்குள்ள விட்டு, வாய் விளிம்புல விரல் நகத்தை வச்சு அடையாளம் பிடிச்சுக்கோங்க, கம்பியை வெளிய எடுத்து பேரலுக்கு வெளிப்பக்கமா அதே நீளம் வச்சுப் பாருங்க. கம்பி முனை கிட்டத்தட்ட நிப்பிள் இருக்குற இடம் வரைக்கும் வரணும். ஒரு இஞ்ச் முன்னாடியே நின்னா உள்ள என்னமோ இருக்கு, பல சமயம் எந்தக் காலத்துலயோ கெட்டிச்ச மருந்தும் குண்டும். அலங்காரமா சுவத்துல தொங்கின துப்பாக்கி பல வருஷம் கழிச்சு வெடிச்ச கதையெல்லாம் இப்படித்தான். கருமருந்து காஞ்சு இருந்தா எத்தனை வருஷமானாலும் சாகாது.

காலின்னு உறுதியானதும் சின்ன எல்இடி லைட் ஒண்ணை உள்ள போட்டு வாயிலேர்ந்து பாருங்க. கோடு கோடா ரைஃப்ளிங் தெளிவா தெரியணும். லேசான கருப்புப் பரவால்ல, தேச்சா போகும். குழி குழியா இருந்தா, அதுவும் மருந்து உக்காருற அடிப்பக்கம்னா வேணாம்னு வச்சுடுங்க. கண்ணை நம்பாம ஒரு இறுக்கமான துணியை கம்பில கோத்து மெதுவா இறக்குங்க, கை சொல்லும், ஒரே இழுப்பா போகணும், நடுவுல பொசுக்குன்னு லூசாச்சுன்னா அந்த இடத்துல பேரல் உப்பியிருக்கு, யாரோ குண்டை அடி வரைக்கும் தள்ளாம சுட்டிருக்காங்க, அதை யார் இனாமா குடுத்தாலும் வாங்காதீங்க.

அப்புறம் லாக். சுத்தியலைப் பாதி தூக்கினா ஒரு க்ளிக், அதுதான் ஹாஃப் காக், கேப் மாட்டுறப்ப நிக்குற பாதுகாப்பு நிலை. அங்க வச்சுட்டு, சுத்தியலைக் கட்டைவிரலால பிடிச்சுக்கிட்டே விசையை நல்லா அழுத்துங்க. விழக் கூடாது. முழுசா தூக்கி, விசையைத் தொடாம, கட்டைவிரலால சுத்தியலை முன்பக்கமா தள்ளிப் பாருங்க, அப்பவும் விழக் கூடாது. ரெண்டுல எது தேறலன்னாலும் உள்ள தேய்மானம். சுத்தியல் நிப்பிள் மேல நேரா உக்காருதா, ஓரமா இடிக்குதான்னும் பாருங்க, ஓரமா இடிச்சா கேப் துண்டு துண்டா தெறிக்கும். நிப்பிளைச் சுத்தி கட்டை கருகியிருந்தா மரை வழியா புகை கசியுதுன்னு அர்த்தம். விக்கிறவரு முகம் சுளிச்சாலும் கண்டுக்காதீங்க, இதெல்லாம் பாக்க விடாதவர்கிட்ட வாங்கணும்னு தலையெழுத்தா என்ன.

கிட் பத்தி ரெண்டு வார்த்தை. கட்டையை நாமளே தேச்சு, பேரலுக்கு நாமளே கலர் ஏத்தி, கோத்துக்கற மாதிரி பெட்டியில வரும். கொஞ்சம் விலை குறையும், ஆனா அரம், உப்புத்தாள், எண்ணெய்னு செலவு அந்தப் பக்கம் ஏறிடும். மரவேலை பிடிக்கும்னா வாங்குங்க, காசு மிச்சம்னு வாங்காதீங்க.

பிஸ்டல் விலையோட முடியாதுங்கறதை முன்னாடியே சொல்லணும், நிறைய பேரு கையில இருக்குற மொத்தத்தையும் பிஸ்டல்லயே போட்டுட்டு மருந்து வாங்கக் காசில்லாம நிப்பாங்க. மருந்து, குண்டு, துணி, கேப் போக, மருந்து அளக்குற சின்னக் குவளை, குண்டை வாய்க்குள்ள ஆரம்பிச்சு வைக்குற குட்டைக் கட்டை, நிப்பிள் சாவி, சுத்தம் பண்ற முனைகள், அப்புறம் ரொம்ப முக்கியமா தனியா ஒரு பித்தளை இல்லன்னா அலுமினியக் கம்பி. பிஸ்டலோட வர்ற மரக்கம்பி அழகுக்கு, இறுக்கமா குண்டைத் தள்ளுறப்ப நடுவுல உடைஞ்சா அந்த சிம்பு உள்ளங்கை வழியா போகும். கண்ணாடியும் காது மூடியும் வாங்காம ரேஞ்சுக்கே போகாதீங்க, கேப் செம்பு கண்ணுக்குத்தான் குறி வைக்கும்.

மருந்து விஷயத்துல மூணு எஃப்னு போட்டிருக்குற பொடி ரகம்தான் பிஸ்டலுக்கு, ரெண்டு எஃப் கொஞ்சம் கொரகொரப்பு, பெரிய ரைஃபிளுக்கு. எவ்ளோ போடணும்னு பிஸ்டலோட வந்த புத்தகத்துல இருக்கும், அதுல இருக்குற குறைஞ்ச அளவுலயே ஆரம்பிங்க, டார்கெட்டுக்கு அதிகம் போட்டா சத்தமும் உதையும்தான் கூடும், குறி கெடும். கணக்குக்கு ஒரு குண்டுக்கு 25 கிரெய்ன்னு வச்சா ஒரு பவுண்டு மருந்துல 280 தடவை சுடலாம், அப்படிப் பாத்தா இது மலிவான ஹாபிதான். மாத்து மருந்து வாங்கினா எடை போட்டு அளக்காதீங்க, கருமருந்துக்கு அளக்குற குவளையாலதான் அளக்கணும், அதுலயும் ட்ரிபிள் செவன் மாதிரி வேகமான ரகத்துக்கு அளவையே குறைக்கச் சொல்லுவாங்க, டப்பாவுல எழுதியிருக்குறதைப் படிங்க. இன்னொண்ணு, இப்பத்து துப்பாக்கிகள்ல போடுற புகையில்லா மருந்து, ஸ்மோக்லெஸ், அது ஒரு சிட்டிகை கூட இதுக்குள்ள போகவே கூடாது. பேரல் கையில வெடிக்கும், இதுல பேச்சே இல்ல.

துணி பருத்தியா இருக்கணும், நைலான் கலந்தது உருகி ஒட்டிக்கும். அதுல தடவுறதுக்கு தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், கொழுப்பு மாதிரி இயற்கையானது நல்லது, வண்டிக்குப் போடுற கிரீஸ் போட்டா கருமருந்தோட சேந்து தார் மாதிரி ஆயிடும், கழுவி மாளாது. குண்டு சுத்த ஈயமா இருக்கட்டும், கெட்டியான கலப்பு ஈயம்னா துணியோட சேத்து உள்ள தள்ள மல்லுக்கட்டணும்.

முதல் நாள் ரேஞ்சுல 10 மீட்டர்லேர்ந்து ஆரம்பிங்க, 25 மீட்டர் எங்கயும் ஓடிடாது. மருந்தை டப்பாவிலேர்ந்து நேரா பேரலுக்குள்ள கொட்டாதீங்க, உள்ள ஒரு கனல் ஒட்டியிருந்தா டப்பாவே கையில வெடிக்கும், குவளையில எடுத்துத்தான் கொட்டணும். வாய்க்கு நேரா முகத்தைக் கொண்டுபோகாதீங்க. குண்டை அடி வரைக்கும், மருந்து மேல உக்காருற வரைக்கும் தள்ளுங்க, ஒரு தடவை சரியா உக்காந்ததும் கம்பில வாய் விளிம்புகிட்ட ஒரு கோடு கீறி வச்சுட்டீங்கன்னா ஒவ்வொரு தடவையும் அந்தக் கோடு வருதான்னு பாத்தா போதும். கோடு உள்ள மறைஞ்சா மருந்து போட மறந்துட்டீங்க. சிரிக்காதீங்க, எல்லாரும் மறப்போம், பேச்சுக் குடுத்துக்கிட்டே கெட்டிக்கிறவங்க கண்டிப்பா மறப்பாங்க, அதுக்குன்னே குண்டைக் காத்தழுத்தத்துல வெளிய தள்ளுற கருவி விக்குது. கேப் வெடிச்சும் மருந்து பத்தலன்னா பிஸ்டலை டார்கெட் பக்கமே பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷமாவது அசையாம நில்லுங்க, சில சமயம் தாமதமா வெடிக்கும்.

சுட்டு முடிச்சதும் நாலஞ்சு மீட்டர் முன்னாடி தரையில கருப்பா விழுந்து கிடக்குற துணித் துண்டுகளை ரேஞ்ச் திறந்தப்புறம் போய்ப் பொறுக்கிப் பாருங்க. நடுவுல குண்டு உக்காந்த இடத்துல வட்டமா கருப்பு, ஓரம் பூ மாதிரி விரிஞ்சிருந்தா எல்லாம் சரி. நடுவுல எரிஞ்சு ஓட்டையா இருந்தா துணி மெல்லிசு, இல்ல எண்ணெய் பத்தல. கத்தியால கீறின மாதிரி கிழிஞ்சிருந்தா புது பேரலோட ரைஃப்ளிங் விளிம்பு கூர்மையா இருக்கு, நூறு குண்டு போனா தானா மழுங்கிடும். பிஸ்டல் மோசம்னு திட்டுறதுக்கு முன்னாடி இந்தத் துணியைப் பாக்குறவங்க ரொம்பக் கம்மி.

கடைசில சொல்றேன்னு சொன்ன அந்தக் குறி. புது பிஸ்டல் பெரும்பாலும் கீழதான் சுடும், முன்தகட்டை வேணும்னே உயரமா விட்டிருப்பாங்க, நாமளே அராவி இறக்கிக்கணும்னு. தகடு குறைஞ்சா குண்டு மேல ஏறும். இடம் வலம் மாறினா பின்குறியை, குண்டு எந்தப் பக்கம் போகணுமோ அதே பக்கம் லேசா தட்டி நகத்தணும். ஆனா முதல் நாளே அரத்தை எடுக்காதீங்க. மருந்து அளவு, துணி, குண்டு மூணும் இதுதான்னு முடிவாகி, குண்டெல்லாம் ஒரே இடத்துல கூட்டமா விழ ஆரம்பிச்சப்புறம், ரெண்டே ரெண்டு இழுப்பு, சுட்டுப் பாக்கணும், மறுபடி ரெண்டு இழுப்பு, மறுபடி சுடணும். நான் ஒரே நாள்ல முடிச்சிடலாம்னு அராவினதுல இப்ப என்னோடது 25 மீட்டர்ல நாலு விரக்கடை மேல சுடுது, ஒவ்வொரு தடவையும் கருப்பு வட்டத்துக்குக் கீழ குறி வச்சுக்கிட்டு இருக்கேன், புதுத் தகடு வாங்கணும் வாங்கணும்னு ரெண்டு வருஷமாச்சு.